முதல் ஜும்மாகியின் சேவல்

அப்துல் வஹீத் தன் இருபத்தெட்டு வருட வேலையில் ஒருநாளும் ஆட்டைக் குறை சொன்னதில்லை. அறுத்தவனைத்தான் திட்டுவார்.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டிய ஒரு டேனரியில் தோல்களைத் தரம் பிரிப்பது அவர் வேலை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நீள மேசை. அதன்மேல் ஆட்டுத்தோல்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். கழுத்தில் விரல்களை வைத்து வால்வரை ஒரே வருடல். முள்வேலி எங்கே கிழித்தது, உண்ணி எங்கே கடித்தது, எந்தக் கோடையில் தீனியில்லாமல் மெலிந்தது என்று ஆட்டின் வாழ்க்கை முழுவதையும் அந்த வருடல் சொல்லிவிடும். அதன் கடைசி நாளையும் சொல்லும்.

"இத பாரு, நரம்புக் கோடு" என்பார் பக்கத்து ஆளிடம். "மெரள வுட்டு, ஓட வுட்டு அறுத்திருக்கான். ரத்தம் முழுசா வடியல. வடியாத ரத்தம் தோல்ல எழுதிட்டுப் போயிருக்குது. இதோ, இங்க கத்திக் கீறல். உரிக்கறதுலயும் அவசரம்."

"அந்தாளு எந்த ஊர்ல இருக்கானோ பாய். நீங்க திட்றது அவனுக்குக் கேக்கவா போவுது?"

"அவனுக்குக் கேக்காட்டி போவுது. ஆட்டுக்குக் கேக்கட்டும்."

இப்படிப் பேசுகிறவர் தன் கையால் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை என்பது டேனரியில் யாருக்கும் தெரியாது. மனைவி குர்ஷிதுக்கு மட்டும் தெரியும். பக்ரீத் அன்று குர்பானி கொடுக்கும்போது கசாப்புக்காரரின் கைமேல் தன் கையை வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொள்வார். மற்ற நாட்களில் கறிக்கடை இருந்தது.

சிக்கல் அவருடைய மகள் சானியாவின் கல்யாணத்தில் வந்தது. மாப்பிள்ளை தபரேஸ் வாணியம்பாடிப் பையன். கல்யாணம் முடிந்த பிறகு ஐந்து வெள்ளிக்கிழமைகள் பெண் வீட்டில் புது மாப்பிள்ளைக்கு விருந்து வைக்க வேண்டும். ஜும்மாகி என்று அதற்குப் பெயர். பெண்ணை அழைத்துப்போக வேன் வந்து நின்றபோது, தபரேஸின் தாய் வஜீதா வஹீதிடம் திரும்பினார்.

"சம்பந்தி, எங்க வீட்ல ஒரு பழக்கம். மொத ஜும்மாகிக்கு பொண்ணோட அப்பா தன் கையால கோழி அறுக்கணும். கடைக்கோழி கூடாது. வீட்டுக்கோழி இருக்குது இல்ல?"

"இருக்குதும்மா."

"பாத்து செய்யுங்க. எனக்கு எங்கப்பா அறுத்தாரு. பாதியில பயந்துபோய் கைய எடுத்துட்டாரு. அறுத்த கழுத்தோட அந்தக் கோழி சந்துல ஓடிச்சு பாருங்க, நாலு வீடு தாண்டி, ஒருத்தர் வீட்டு மாவுச் சட்டியில போய் விழுந்துச்சு. இருபத்தாறு வருஷம் ஆச்சு. இன்னிக்கும் நான் 'கோழி ஓடுன வீட்டுக்காரி'தான். பருப்புல உப்பு ஜாஸ்தின்னாலும் அதான், பையன் பரீட்சையில கோட்டை வுட்டாலும் அதான்."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற அவருடைய நாத்தனார் சிரித்த அளவுக்கு அவர் சிரிக்கவில்லை. வஹீத் அதைப் பார்த்தார். வேனுக்குள் பூச்சரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சானியாவையும் பார்த்தார்.

"இன்ஷா அல்லாஹ், என் கையாலயே அறுத்துடறேன்" என்றார்.

குர்ஷித் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தது கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

*

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாட்கள் இருந்தன. வெயில் காலம். காலை எட்டு மணிக்கே கொல்லைப்புறத் துணிக்கல்லில் கால் வைக்க முடியாது. அந்தக் கொல்லையில் ஐந்து பெட்டைகளும் ஒரு சிவப்புச் சேவலும் மேய்ந்துகொண்டிருந்தன. சேவலுக்கு சானியா 'மேனேஜர்' என்று பேர் வைத்திருந்தாள். இறக்கைகளைப் பின்னால் சேர்த்துக்கொண்டு, யாரும் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதுபோல் நடக்கும்.

"விடிகாலையில கடையில குடுத்து அறுத்துட்டு வந்துடுங்க" என்றார் குர்ஷித், கத்திரிக்காயை நறுக்கியபடி. "நம்ம கோழி, நம்ம வீட்டுது. யாரு அறுத்தான்னு கோழியா சொல்லப்போவுது?"

"வாக்கு குடுத்துட்டேன் குர்ஷித்."

"குடுக்கும்போது என்னை ஒரு பார்வை பாத்திருக்கலாம் இல்ல?"

"பொய் சொன்னா ஒரு நாளைக்குத் தெரியும். அப்ப சானியாவுக்கு வேற பேர் வெப்பாங்க. 'ஏமாத்துன வீடு'ன்னு. அதுக்கு ஓடுன வீடே தேவலாம்."

"ஓடாம அறுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

மேனேஜர் வஹீதின் செருப்பைக் கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தது.

குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹேமலதா உட்கார்ந்து ஷூ தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து மேல்பாகங்களை மூட்டையாக வாங்கிவந்து வீட்டில் கையால் தைத்துக் கொடுப்பாள். மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராகப் புகுந்து வெளியே வரும். கை அதுபாட்டுக்கு ஓடும். காது அடுத்த வீட்டில் இருக்கும்.

"பாய், உங்க டேனரில இத்தினி தோலப் பாத்தும் ஒரு கோழிக்கு பயப்படறீங்களா?" என்றாள்.

"தோலுக்கு உசுரு இல்லம்மா."

"எங்க ஊரு அமிர்தி காட்டுக்கு இந்தப் பக்கம். பத்து வயசுல நான் அறுத்திருக்கேன். எங்கம்மா வயலுக்குப் போயிட்டா கோழி யாரு அறுக்கறது? நான்தான்."

"அப்ப நீயே அறுத்துக் குடுத்துடேன்" என்றார் குர்ஷித்.

"நான் அறுத்தா நீங்க சாப்பிட மாட்டீங்களே அக்கா. அதுவுமில்லாம, வாக்கு குடுத்தது பாய். நான் சொல்லித் தர்றேன், அவரு செய்யட்டும்." ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "மொதல்ல ஒண்ணு கேட்டுக்குங்க. கோழி பயப்படக்கூடாது. தொரத்திப் புடிக்காதீங்க. முந்தின நாள் சாயந்தரம் அது அடையற நேரம் மெதுவா எடுத்து கூடையில போட்டு மூடிடணும். தீனி வேணாம். தண்ணி மட்டும் வெச்சா போதும். தீனிப்பை காலியா இருந்தா வேலை சுத்தமா இருக்கும். மத்த கோழிங்க பாக்கக்கூடாது. கத்தியையும் அது பாக்கக்கூடாது."

"இதெல்லாம் எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொல்வாரு" என்றார் வஹீத் ஆச்சரியத்துடன். "கத்திய அது முன்னாடி தீட்டாதேன்னு."

"பாத்தீங்களா? கோழி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அது படபடன்னு அடிச்சிக்குமே. அப்பதான் எனக்குக் கை நடுங்கும். நடுங்குனா அரைகுறையா ஆயிடும்."

ஹேமலதா யோசித்தாள். மடியில் கிடந்த ஷூ மேல்பாகத்தை எடுத்துச் சுருட்டிப் பார்த்தாள். ஒரு முனை அகலமாக, ஒரு முனை குறுகலாக.

"எங்க ஊர்ல சாக்கு மூலைய வெட்டி அதுக்குள்ள கோழிய தலைகீழா வுடுவோம். தலை மட்டும் வெளிய தொங்கும். ரெக்கை அடிக்க முடியாது. தலைகீழா இருந்தா கொஞ்ச நேரத்துல அமைதியாயிடும். சாக்கு கெடக்கட்டும், நாம லெதர்லயே தெச்சிடலாம். ஷூவுக்கு உள்ள வெக்கற லைனிங் தோல்ல ரிஜெக்ட் ஆனது ஒண்ணு கொண்டாங்க. மெத்துனு இருக்கணும்."

"கோழிக்கு ஷூவா?" என்றார் குர்ஷித்.

"ஆமா அக்கா, ஒத்தக்கால் ஷூ."

*

மறுநாள் வஹீத் டேனரியில் கழித்துப்போட்ட செம்மறித்தோல் லைனிங் ஒன்றைக் கேட்டு வாங்கினார். எதற்கு என்று கேட்ட சூப்பர்வைசரிடம், "வீட்ல மேனேஜருக்கு அளவெடுக்கணும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். மாலைக்குள் ஷிஃப்ட் முழுக்க அந்தப் பேச்சு பரவி, நிஜ மேனேஜர் இரண்டு முறை அந்த மேசைப் பக்கம் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

அளவெடுப்பது எளிதாக இல்லை. வஹீத் சேவலை அணைத்துப் பிடித்தார். ஹேமலதா டேப்பை அதன் நெஞ்சைச் சுற்றிக் கொண்டுபோனாள். சேவல் டேப்பின் முனையைக் கொத்திப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"வுடுறா, அது பதினேழு இஞ்சி, எனக்கே தெரியுது" என்று அதட்டினாள். "பாய், அப்பிடியே வெச்சிருங்க. நெஞ்சோட சேத்து. ரெக்கைய மூடிப் புடிங்க. ஆங். இப்ப பாருங்க."

வஹீத் அப்படியே துணிக்கல்லில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் அதன் சூடு தெரிந்தது. மனிதர்களுடையதைவிட ஜாஸ்தியான சூடு. சிறகுகளுக்கு அடியில் நெஞ்சு மழைத்தூறல் மாதிரி வேகமாக அடித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேகம் குறைந்தது. கண்ணின் மேல் ஒரு வெள்ளைத் திரை கீழிருந்து ஏறி மூடியது.

"தூங்கிடுச்சு" என்றார், குரலைத் தாழ்த்தி.

"போச்சு" என்றார் சமையல்கட்டு வாசலில் நின்ற குர்ஷித். "இனிமே இவரு அறுத்த மாதிரிதான்."

அன்றிலிருந்து வஹீத் கத்திரிக்காய்களை வைத்து அறுத்துப் பழகியதால் நாளெல்லாம் கத்திரிக்காய்தான். எண்ணெய்க் கத்திரிக்காய், கத்திரிக்காய்ப் பச்சடி, ரசத்தில்கூட ஒன்று மிதந்தது. டேனரியில் ஓரம் வெட்டும் கத்தியைக் கொண்டுவரலாமா என்று கேட்டுப் பார்த்தார். "கெமிக்கல் நாத்தம் புடிச்ச கத்தி என் கறிப்பக்கம் வரக்கூடாது" என்று குர்ஷித் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதனால் புதுக் கத்தி ஒன்று வாங்கி, அதைக் கல்லில் தீட்டி, பிறகு ஒரு தோல் பட்டையில் முன்னும் பின்னுமாக நூறு தடவை இழுத்தார். சேவல் பார்க்காத இடத்தில், முன்கதவுக்கு வெளியே. முன்கையில் வைத்து வழித்தபோது முடி சத்தமில்லாமல் உதிர்ந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அவர் முன்கையில் ஒரு பட்டை அளவுக்கு முடியே இல்லை.

வியாழக்கிழமை மாலை சானியா போன் செய்தாள்.

"அப்பா, மாமி ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. உங்கப்பா அறுப்பாரான்னு. நான் அறுப்பாருன்னு சொல்லிட்டேன். அறுப்பீங்க இல்ல?"

"அறுப்பேன்டா."

"நம்ம மேனேஜரா?"

"ம்."

"அதுக்கு வலிக்காம பாத்துக்குங்க அப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வஹீத் போனைப் பார்த்தபடி நின்றார். ஊர் வைக்கப்போகிற பேர் ஒரு பக்கம் இருக்கட்டும். இதை அவரால் யாரிடமும் தள்ளிவிட முடியாது.

*

வெள்ளிக்கிழமை அதிகாலைத் தொழுகை முடிந்து அவர் திரும்பியபோது கிழக்கே மலை விளிம்பு வெளுத்திருந்தது. காற்று குளிர்ச்சியாக இருந்தது. அந்த நேரத்தில் மட்டும் ஆம்பூரில் தோல் வாசனை இருக்காது. ரொட்டிக்கடை அடுப்புப் புகையும் ஈர மண்ணும் மணக்கும்.

பெட்டைகளை முன்பக்கம் அடைத்தாயிற்று. கொல்லைச் சுவரில் பழைய கொடிக்கயிறு கட்டும் கொக்கியில் தோல் கூம்பு தொங்கியது. ஹேமலதாவின் தையல் ஒரு நூல்கூடக் கோணவில்லை. விற்பனைக்கு வைத்தால் யாராவது என்னவென்று தெரியாமலே வாங்கிப் போவார்கள். கீழே மணல் பரப்பிய தட்டு. கத்தி, துண்டுக்குள் சுருட்டி இடுப்பில்.

குர்ஷித் உள்ளே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். "அது மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். முடிஞ்சா கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வஹீத் கூடையைத் தூக்கினார். சேவல் தூக்கக் கலக்கத்தில் ஒரு முறை கொக்கரித்தது. நெஞ்சோடு அணைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். அது அடங்கும்வரை.

"அவசரப்படாதீங்க" என்றாள் ஹேமலதா. வழக்கமான கிண்டல் இல்லாத குரல். "இப்ப வுடுங்க. தலை மொதல்ல."

தலைகீழாக இறங்கிய சேவல் கூம்பின் குறுகிய முனை வழியே தலையை நீட்டியது. இரண்டு முறை உள்ளே நெளிந்தது. மெத்தென்ற தோல் இறக்கைகளை இறுக்காமல் அணைத்துக்கொண்டது. பிறகு அசையவில்லை. வஹீத் தொழுகைத் திசையான கிப்லாவை நோக்கித் திரும்பி, இடதுகையால் அதன் தலையைப் பிடித்தார். கட்டைவிரலால் தொண்டைச் சிறகுகளைப் பிரித்தார். அந்த விரல் இருபத்தெட்டு வருடமாகக் கழுத்தில் தொடங்கிய விரல். தாடைக்குக் கீழே, மெல்லிய தோலுக்கு அடியில், துடிக்கும் இடத்தை அது தானே கண்டுகொண்டது.

கண்களை மூடலாம் என்று தோன்றியது. மூடவில்லை.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்."

ஒரே இழுப்பு.

"கைய எடுக்காதீங்க!"

எடுக்கவில்லை. தலையைப் பிடித்தபடியே நின்றார். ரத்தம் மணலில் சரசரவென்று விழுந்தது. சற்று நேரத்தில் கூம்புக்குள் உடம்பு உதறியது. வஹீதின் முகம் வெளுத்தது.

"அது வலி இல்ல பாய். உசுரு போனது ஒடம்புக்குத் தெரிய கொஞ்சம் நேரம் ஆவும். அப்பிடியே நில்லுங்க."

உதறல் நின்றது. சொட்டும் நின்றது. ஹேமலதா சொல்லிக் கொடுத்தபடி கண்ணின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். இமை அசையவில்லை. அதன்பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தார். தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா உள்ள வெங்காயம்கூட இன்னும் எடுக்கல. இங்க அதுக்குள்ள எரியுதா?" என்றாள் ஹேமலதா. அவள் முந்தானையும் கண்ணுக்குத்தான் போனது. "நல்லா செஞ்சீங்க. எங்கம்மாகூட இப்பிடி செய்ய மாட்டாங்க. இருங்க, அக்காவுக்கு ஒரு கை குடுத்து வெந்நிய தூக்கியாறேன்."

வஹீத் தனியாக நின்றார். கோழியைக் கூம்பிலிருந்து எடுத்துத் துணிக்கல்லில் கிடத்தினார். இனி வெந்நீரில் முக்கிச் சிறகைப் பிடுங்க வேண்டும். பிறகு நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவி, தோலோடு வெட்ட வேண்டும். நாட்டுக்கோழிக் குழம்பின் ருசியே வாட்டிய தோலில்தான் என்று குர்ஷித் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் வஹீதின் மனதில் வேறு ஒன்று அரித்தது. ரத்தம் முழுவதும் வடிந்ததா? மிரளாமல் போயிற்றா? ஹேமலதா நல்லா செஞ்சீங்க என்றாள். அது அவள் கண் சொன்னது. தொடைப்பக்கம் ஒரு சின்னக் கீறல் போட்டு, உள்பக்கம் நரம்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டால் நிம்மதி. ஒரே ஒரு கீறல்.

போட்டார். கட்டைவிரலை உள்ளே விட்டார். தொடையில் ஒரு கோடும் இல்லை. முதுகில்? விரல் சதைக்கும் தோலுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனது. முதுகிலும் இல்லை. நெஞ்சில்? கத்தி வைத்தால் கீறல் விழும், முஷ்டியால்தான் தள்ள வேண்டும் என்பது அவர் யார் யாரிடமோ சொல்லிச் சொல்லி அலுத்த பாடம். முஷ்டியால் தள்ளினார்.

குர்ஷிதும் ஹேமலதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெந்நீர் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தபோது, கல்லின்மேல் மேனேஜர் மொழுமொழுவென்று கிடந்தது. வஹீத் அதன் தோலை, சிறகோடு, ஒரு ஓட்டைகூட இல்லாமல், இரண்டு கைகளாலும் விரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

"குர்ஷித், பாரு! ஒரு நரம்புக் கோடு இல்ல. ஒரு கத்திக் கீறல் இல்ல. ஃபர்ஸ்ட் செலக்ஷன்!"

குர்ஷித் அண்டாவைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார்.

"யா அல்லாஹ். வாட்டறதுக்கு நான் வைக்கோல் வாங்கி வெச்சிருக்கேன்."

"ஐயோ" என்றார் வஹீத். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இந்த மனுஷன்கிட்ட நாலு நாளா எல்லாம் சொன்னியே ஹேமா. உரிக்காதேன்னு சொன்னியா?"

"அதச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லியே அக்கா" என்ற ஹேமலதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

*

ஜும்மா தொழுகை முடிந்து விருந்து தொடங்க மணி இரண்டாகிவிட்டது. கூடத்தில் தஸ்தர்கான் துணி விரித்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜீரகச் சம்பா பிரியாணி, கத்திரிக்காய், தயிர்ப்பச்சடி, வாணியம்பாடியிலிருந்து வஜீதா கொண்டுவந்த மக்கன் பேடா. நடுவே பெரிய பீங்கான் கிண்ணத்தில் கோழிக் குழம்பு. மாப்பிள்ளை தபரேஸ் கூச்சத்தில் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். சானியா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேமலதாவும் புதுப்புடவையில் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

வஜீதா கரண்டியால் குழம்பைக் கிளறினார். இன்னொரு முறை கிளறினார்.

"நாட்டுக்கோழிதானே சம்பந்தி? தோலக் காணோம்?"

"மாப்ளைக்கு கொழுப்பு ஒத்துக்காதோன்னு..." என்று குர்ஷித் தொடங்கினார்.

"இல்லம்மா" என்றார் வஹீத். உட்கார்ந்தபடியே நிமிர்ந்தார். "நான்தான் அறுத்தேன். இதுக்கு முன்னாடி என் வாழ்க்கையில அறுத்ததே இல்ல. இந்த ஹேமாம்மாதான் சொல்லிக் குடுத்துச்சு. அறுத்து முடிச்சதும், சரியா போச்சான்னு பாக்க ஒரு கீறல் போட்டேன். கை பழக்கம். மொத்தமா உரிச்சிட்டேன்."

கூடத்தில் யாரும் மெல்லவில்லை.

"ஓடுச்சா?" என்று கேட்டார் வஜீதா.

"ஓடலம்மா. சத்தம்கூட போடல. கையிலயே அடங்கிடுச்சு."

வஜீதா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். எல்லோரும் அந்தத் தாடையையே பார்த்தார்கள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. தோல் போனதற்கு ஈடாக குர்ஷித் கோழிக் கொழுப்பை உருக்கி வெங்காயத்தை அதில் வதக்கியிருந்தார்.

"தோல் எங்க?"

"இன்னாது?"

"உரிச்ச தோல். எங்க வெச்சிருக்கீங்க? கொண்டாங்க, பாக்கறேன்."

வஹீத் கொல்லைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தார். அதில் சேவலின் தோல் உப்புப் படுக்கையில் முழுதாக விரிந்திருந்தது. வஜீதா ஆட்காட்டி விரலால் உப்பை ஒதுக்கினார். வாணியம்பாடியில் தோல் பார்க்கத் தெரியாதவர் யார்? கழுத்தில் வைத்த விரலை வால்வரை கொண்டுபோனார். கடைசியில் அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கல்யாண வேனருகே சிரித்த சிரிப்பு இல்லை. முக்காடு நழுவ, கண்ணில் நீர் வர, பக்கத்தில் இருந்த சானியாவின் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

"போச்சு, சானியா, இனிமே நீ 'தோல் உரிச்ச வீட்டுக்காரி'. உன் பேரப்புள்ளைங்க வரைக்கும் சொல்வாங்க."

"ஓடுன வீட்டுக்கு உரிச்ச வீடு கம்மியில்ல மாமி" என்றாள் சானியா.

தபரேஸ் தலையை நிமிர்த்தினான். வஜீதா மருமகளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கிண்ணத்திலிருந்து ஈரல் துண்டைத் தேடி எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரே சமையல்கட்டுல நிப்போம். என் நாத்தனார் யாரைச் சொல்றதுன்னு தெரியாம திண்டாடட்டும்" என்றார். பிறகு வஹீதைப் பார்த்து, "சம்பந்தி, இந்தத் தோல எனக்குக் குடுங்க. எங்க வீட்டு ஆளுங்களுக்குக் காட்டணும்."

வஹீத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கைப்பிடி உப்பை எடுத்து, விளிம்புகள் மூடும்படி பார்த்துப் பார்த்துத் தூவினார்.

"இப்ப குடுத்தா அழுகிடும்மா. அடுத்த வெள்ளிக்கிழம வாங்க" என்றார். "பதமா வெச்சிருப்பேன்."